மச்சாளுக்கு ஒரு செவ்வந்தி மாலை

உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவதைவிடப் பெரிய சாபம் எங்கள் சனத்துக்குக் கிடையாது. அது நன்றாகத் தெரிந்துதான், மச்சாளின் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மெக்சிக்கோக்காரரின் விழாவுக்குப் போனேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்துக்கு வெளியே, லவாலில் பெரிய வீடு. என் கணவர் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தவர். முந்தின மாரியில் மாரடைப்பில் போய்விட்டார். நான் கல்யாணங்களுக்கும், பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீடுகளுக்கும் படம் எடுப்பவள். மச்சாளின் மகளை அவள் தவழ்ந்த காலத்திலிருந்து படம் எடுத்தது நான்தான். இந்தக் கோடையில் அவளுக்குக் கல்யாணம் வந்தபோது மச்சாள் வேறொருவரைப் பிடித்தார். சரி, போகட்டும் என்று விட்டேன்.

கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்ட நாளில் உட்காரக் கதிரை எடுக்க அவர்களுடைய நிலவறைக்கு இறங்கினேன். மேலே ஹோலில் தொங்கிய என் கணவரின் படம், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. சம்பந்தி வீட்டார் வந்து போகும்போது செத்தவரின் முகம் கண்ணில் படக்கூடாதாம். அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன் அவர். அதையும் விழுங்கினேன். ஆனால் தாலி கட்டும் நேரம் மணவறைக்குக் கிட்டப் போன என்னை மச்சாள் மறித்தார்.

"நீர் கொஞ்சம் பின்னுக்கு நில்லும். நல்ல காரியமெல்லே."

ஊரே கேட்டது. நான் பின்னுக்கு நின்றேன். அன்றிலிருந்து என் நெஞ்சில் எரிந்தது அணையவே இல்லை. ஒரு பழி வாங்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் ஒழுங்காக நித்திரை வந்தது.

நான் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் என் கீழ்வீட்டில் ஒரு மெக்சிக்கோப் பெண் இருக்கிறார். விழாவுக்குப் படம் எடுத்துத் தரச் சொல்லி அவர்தான் கேட்டார். செத்தவர்களை நினைக்கும் விழா. மண்டபத்தில் படிப்படியாகப் பலகை அடுக்கி, படங்களும் மெழுகுதிரிகளும் பாண் ரொட்டியும் செம்மஞ்சள் செவ்வந்தியும் வைத்திருந்தார்கள். யாரும் தங்கள் ஆட்களின் படத்தைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று அவர் சொன்னபோதே என் மனதில் மச்சாளின் முகம் வந்துவிட்டது.

முதலில் வேலையைப் பார்த்தேன். முகத்தில் வெள்ளை பூசி மண்டையோடு வரைந்திருந்தவர்களை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வெறும் சுண்ணாம்புச் சுவர்தான் தெரியும். ஒவ்வொருவராக ஜன்னலோரம் கூப்பிட்டு எடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். செத்தவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு மச்சாளின் படத்தை நடுப்படியில் வைத்தேன். நான் எடுத்த படம்தான், காஞ்சிபுரமும் கழுத்தில் அட்டியலுமாக. மாலை போட்டேன். மெழுகுதிரி கொளுத்தினேன். அதைப் படம் எடுத்து அவருக்கே அனுப்புவதுதான் திட்டம். கமெராவைத் தூக்கிய நேரம் கீழ்வீட்டுப் பெண் வந்து என் தோளை அணைத்தார். இவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று பிரெஞ்சில் கேட்டார். என் உயிரைத்தான் தின்பார் என்று சொல்ல என் பிரெஞ்சு போதவில்லை. இனிப்பு என்றேன். வீட்டிலும் கொஞ்சம் செய்து வை, நீ கூப்பிட்டபடியால் இன்றைக்கு உன்னிடம்தான் சாப்பிட வருவார் என்றார்.

மச்சாள் என் வீட்டுக்கா? அதுவும் நான் வெற்றிலை வைத்து அழைத்த மாதிரி? சட்டென்று படத்தை இழுத்தெடுத்தேன். அந்தப் பெண் திகைத்துப் போனார். ஆளை மாற்றி வைத்துவிட்டேன் என்று சமாளித்து, பர்சுக்குள் இருந்த என் கணவரின் படத்தை அந்த இடத்தில் வைத்தேன். மாலை அவருக்கு அளவாக இருந்தது. மண்டையோட்டு முகத்துடன் நீளக் கல்யாணச் சட்டை போட்ட ஒருத்தி அவருக்குப் பக்கத்தில் குனிந்து பூ வைத்தாள். அந்தக் கணத்தை எடுத்தேன். அவரை ஒருவரும் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

அந்தப் படத்தை மச்சாளுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "இண்டைக்கு உங்கடை தம்பி சாப்பிட வாறார். எங்கடை வீட்டை மட்டும்."

வீட்டுக்குப் போய்ப் புட்டு அவித்து, கணவாய் மீன் கறி வைத்து, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மேசையில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை மச்சாள் எனக்குப் போன் எடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கத்துவார், நானும் நாலு கேட்கலாம் என்று ஆயத்தமாக இருந்தேன். அவர் கத்தவில்லை. மெல்லக் கேட்டார்.

"தம்பி வந்தவனே?"

"ஓம், வந்தவர்," என்றேன். "வடிவாச் சாப்பிட்டவர். உங்களைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை, மச்சாள்."

அந்தப் பக்கம் அவர் விம்மத் தொடங்கினார். நான் போனை வைக்கவில்லை. அவர் அழுது முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.