டிவி அம்மா

வில்பட்டியில் திருமலைச்சாமி வீட்டுக் கதவில் 'பழனிக்குமார், பி.சி.ஏ.' என்று நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும். அந்தத் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவர் மகன்தான். பொங்கலுக்குக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தால் பிரஷ் அந்த எழுத்தைச் சுற்றித்தான் போகும், மேலே பட விடமாட்டார். பூண்டு வாங்க வருகிற வியாபாரியிடமும், "மகன் கம்ப்யூட்டரு. செத்ததை எந்திரிக்க வச்சிருவான்" என்பார்.

அது ஒன்றும் பொய்யில்லை. கொடைக்கானலில் ஒரு சர்வீஸ் கடையில் பழனிக்குமாருக்கு அதுதான் சோலி. பனி இறங்கிச் செத்துப்போன மெஷின்களை உயிர்ப்பித்துக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் தவறாமல் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவான்: "எதையும் ரெண்டு எடத்துல வைங்க."

அவன் மனைவி நதியா மஸ்கட்டில் இருந்தாள், படுத்த படுக்கையான ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டுக்குத் தளம் போட்டுவிடலாம் என்று இரண்டு வருடக் கணக்கில் கிளம்பியவளை அந்த வீட்டார் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் போகும்போது மகள் சுபஸ்ரீக்குப் பதினொரு மாதம், இப்போது மூன்று வயது. வீடியோ காலில்தான் பிள்ளை அம்மாவைப் பார்க்கும். மழை பிடித்தாலோ முதலில் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். ஐப்பசியில் ஒருமுறை ஆறு நாள் கழித்து லைன் கிடைத்தபோது, பிள்ளை போனைப் பார்த்து, "யாரு?" என்றது. நதியா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அந்தச் சிரிப்பு பழனிக்குமாரைத் தூங்கவிடவில்லை.

மறுவாரமே வேலையை ஆரம்பித்தான். ஏரிப் பக்கம் ஒரு காட்டேஜில் தூக்கிப்போட்ட பில்லிங் கம்ப்யூட்டர்கள் மூன்று கிடைத்தன. ஒன்றின் போர்டு, இன்னொன்றின் ராம், மூன்றாவதின் பெட்டி. பெட்டிக்கு ஒரு பக்கத் தகடு இல்லாததால் பூண்டு மூட்டை கட்டும் வலையை இழுத்துக் கட்டினான், காற்றோட்டத்துக்கும் ஆச்சு. உள்ளே ஹார்ட் டிஸ்க் மாட்டும் இடம் துருப்பிடித்துக் கொட்டியிருந்ததால், டிஸ்க் மட்டும் இரண்டு ஒயரோடு வெளியே பலகையில் கிடந்தது. கரண்ட் போனால் தாங்க ஒரு கார் பேட்டரி. நதியா அனுப்பிய வீடியோக்கள், அவன் பதிவு செய்துவைத்த வீடியோ கால்கள் எல்லாம் அதில் ஏறின. இனி நெட் இல்லாவிட்டாலும், ரிமோட்டை அமுக்கினால் டிவியில் அம்மா வருவாள். ஏற்றி முடித்ததும் போனில் இருந்ததை அழித்தான், மெமரி நிறைந்திருந்தது.

பிள்ளைக்குப் பிடித்தது ஒரே ஒரு வீடியோ. நதியா கையில் இல்லாத சோற்றை உருட்டி நீட்டுவாள்: "கேரட்டு வண்டிக்கு ஒரு வாய்... ஆ. பூண்டு வண்டிக்கு ஒரு வாய்... ஆ. அப்பா வண்டி ஸ்டார்ட் ஆகலே, அதுக்கு ரெண்டு வாய்!" அது ஓடினால்தான் சோறு இறங்கும். மூன்று வேளையும் டிவி அம்மா.

மார்கழியில் மூடுபனி நாலு நாள் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. டிஸ்க்கின் மேல் முத்து முத்தாய்த் தண்ணீர். அதை லுங்கியால் துடைத்தவன், "ஈரம் எறங்குச்சுன்னா இது சோலி முடிஞ்சது" என்று முனகிவிட்டு, கடை வேலையாக இரண்டு நாள் வத்தலக்குண்டு போனான்.

திரும்பி வந்தபோது பலகையில் ஒயர் மட்டும் கிடந்தது.

"ஐயா, இங்க இருந்தது எங்க?"

"பத்திரமா இருக்குலே." திருமலைச்சாமி அடுப்புக்கு மேலே கையைக் காட்டினார். வெதைப் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே, வேட்டித் துணியில் சுற்றி, புகையில் தொங்கிக்கொண்டிருந்தது டிஸ்க். வெதை, தீப்பெட்டி, பட்டா என்று ஈரம் ஆகாத எதையும் அந்த வீட்டில் அங்கேதான் வைப்பார்கள். "ரெண்டு நாளும் தீயை அமத்தவே இல்லை. இப்ப பாரு, மொறுமொறுன்னு இருக்கும்."

தொட்டான், சுட்டது. மாட்டிப் பார்த்ததும் டக், டக் என்று இரண்டு தட்டுத் தட்டி நின்றது. இன்னொரு மெஷினிலும் அதே சத்தம்தான்.

"எந்திரிச்சிருமாலே?" கிழவர் குரல் இறங்கியிருந்தது.

"எந்திரிக்காதுங்கய்யா."

"வேற எடத்துல வச்சிருப்பேல்ல? ஊருக்கெல்லாம் சொல்லுவியே."

அவன் டிஸ்க்கை மறுபடியும் அதே துணியில் சுற்றினான். கிழவர் அடுப்புத் தீயை அமர்த்திவிட்டு வெளியே போனார்.

சுபஸ்ரீ அன்று ராத்திரி பாலோடு சரி, காலையிலும் வாயைத் திறக்கவில்லை. டவரும் இல்லை. வெள்ளிக்கிழமை, நதியாவுக்கு லீவு. ரசஞ்சோற்றைத் தூக்குவாளியில் போட்டு, பிள்ளையை வண்டியில் முன்னால் உட்காரவைத்துப் பெருமாள்மலைக்கு இறங்கினான். அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் இரண்டு புள்ளி சிக்னல் கிடைத்தது.

நதியா வந்தாள். பிள்ளை சாப்பிடாததை அவன் சொன்னதும் கண் கலங்கினாள். "தங்கம், ஏன் சாப்பிடலையாம்? காய்ச்சலா? எளைச்சுப் போயிட்டியேம்மா..."

பிள்ளை கொஞ்சநேரம் பார்த்தது. "இந்த அம்மா வேணாம். அந்த அம்மா."

பழனிக்குமாருக்கு போனைக் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. தன் கையால் செய்து, தன் கையால் ஊட்டிவிட்ட வினை. "நதியா, அது வந்து..."

"நீங்க இருங்க, மாமா." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்த அம்மா என்ன சொல்லும், பாப்பா?"

"கேத்து வண்டிக்கு ஒரு வாய்."

"கேரட்டு வண்டிக்கு ஒரு வாய்."

"ஆ சொல்லணும்."

"ஆ."

பிள்ளை வாயைத் திறந்தது. அவன் ஒரு உருண்டை வைத்தான். டீக்கடைக்காரர் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார்.

"பூண்டு வண்டிக்கு ஒரு வாய்... ஆ. அப்புறம்... அப்புறம் என்ன தங்கம்? அம்மாவுக்கு மறந்துபோச்சே."

"அப்பா வண்டி!"

"ஆமா, அப்பா வண்டி. ஓட்டை வண்டி. அது ஸ்டார்ட் ஆகலே, அதுக்கு ரெண்டு..." நதியா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அப்போது மேலேயிருந்து மூடுபனி ரோட்டுக்கு இறங்கியது. வாய் திறந்தபடியே அவள் அசையாமல் நின்றுபோனாள்.

"அம்மா நின்னுருச்சு."

"இந்த அம்மா நின்னு நின்னுதான் வரும், பாப்பா."

"வருமா?"

"வரும்."

அவன் லைனைத் துண்டிக்கவில்லை. பிள்ளையும் எழவில்லை. நின்றுபோன அம்மாவைப் பார்த்தபடி, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தது.