முட்டி தாட்ட உத்தியோகம்

மண்ணுக்குள்ள தண்ணி விடுறதுதான் என்ர தொழில். செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் ஏச்சு மட்டும் வாங்கின ஆக்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

எண்பதுகளின்ர தொடக்கத்தில எங்கட திணைக்களம் காணியில்லாத சனத்துக்குக் குடுத்த பூநகரி மணல் காணியளில மாதுளங்கன்று வைப்பிச்சம். கன்றுக்குப் பக்கத்தில மண்முட்டியைக் கழுத்துவரை தாட்டு, தண்ணி நிரப்பி மூடிவிடவேணும். முட்டி மெல்லக் கசியும், வேர் அந்த ஈரத்தைத் தேடிக் கீழ இறங்கும். கன்று பட்டுப்போனால் திணைக்களத்தார் காணியைத் திருப்பி எடுத்துப்போடுவினம்.

வாய்க்கால் புத்தி

உருத்திரபுரத்தில வயல் செய்துபோட்டு வந்த கந்தையா அண்ணைக்கு முட்டியில நம்பிக்கையில்லை. மிசின் வைச்சு இறைச்சு, காணியை வெள்ளக்காடாக்கினார். வேரெல்லாம் மேலயே படுத்திட்டுது. மிசின் பழுதான கிழமையே கன்று முழுக்கக் கருகி, காணியும் போச்சுது. பிறகு என்னோட சண்டைக்கு வந்தார். எனக்கு விசர் பிடிச்சுது.

"நெல்லுக்கே தண்ணி காட்டினவன் நான், உன்ர பத்தைக்கு என்னடாப்பா பெரிய கதை?"

புதுச்சட்டி

செல்லம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலயிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்தவா. அந்தக் காணியை விட்டால் வேற போக்கிடம் இல்லை. அவாவின்ர கன்றெல்லாம் வாடுது. முட்டியைத் திறந்தால் தண்ணி விளிம்புவரை நிக்குது! கேட்டால், சமையலுக்குப் புதுச்சட்டி பழக்கிற மாதிரி ஒவ்வொரு முட்டியிலயும் கஞ்சி காய்ச்சி, எண்ணெய் பூசித் தாட்டிருக்கிறா. முட்டியின்ர துளையெல்லாம் அடைபட்டால் பிறகு எங்கால கசியிறது? கத்திப்போட்டன். அவாவும் விடேல்லை.

"ஒழுகுற சட்டியில தண்ணி வச்சா ஊரே சிரிக்காதாங்க? கசியணும்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஈரம் எங்க?

முட்டியளை மாத்தித் தாட்டம். கன்று துளிர்த்து, அடுத்த கோடையில இடுப்பளவு நிண்டுது. அப்பதான் மேலதிகாரி ஜீப்பில வந்தார். சப்பாத்தால மண்ணைக் கிளறினார், வெறும் புழுதி. "தண்ணியே விடேல்லை. காணியை எடுக்கத்தான் வேணும்" எண்டார். பச்சைப் பசேலெண்டு கன்று முன்னால நிக்குது, இந்த மனுசன் புழுதியைப் பாக்குது!

நான் வாய் திறக்க முந்தியே செல்லம்மா முன்னுக்கு வந்தா. "ஐயா, ஒரு கன்னைப் புடுங்கிப் பாருங்க. வந்துச்சுன்னா காணியை எடுத்துக்கிங்க."

ஐயா ஒரு கையால இழுத்தார். பிறகு ரெண்டு கையாலயும் தம் பிடிச்சு இழுத்தார். கன்று அசையேல்லை. உள்ளங்கையில ரத்தம். காணியைப் பற்றிப் பிறகு ஒரு கதையுமில்லை, என்னைத்தான் ஏசினார்.

"முள்ளிருக்கெண்டு ஏன் முதலே சொல்லேல்லை?"

செல்லம்மாவின்ர காணி தப்பினது வேரால. எங்கட திணைக்களத்தால எண்டு ஆரும் சொன்னால் எனக்கு இண்டைக்கும் கெட்ட கோவம் வரும்.