ஒட்டும் பசை சுழல்கிறதா?

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் ‘பம்பரம்’ என்று பெயர். அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் சுழல்வது போன்ற ஒரு குணத்தோடு இருக்கிறது. அதற்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற துகள்கள் அந்தச் சுழற்சியில் கொடுப்பது சொற்பம்தான் என்று முன்பே தெரிந்துவிட்டது. மீதியில் ஒரு பங்கு, குவார்க்குகளைப் பசைபோல ஒட்டிவைக்கும் குளுவான்களிடம் இருக்கிறது என்பது அவளுடைய பிடிவாதம். அதிலேயே பாதி ஆயுள் போயிற்று.

“எல்லாரும் தொலைச்சதத் தேடுவாங்க. நீ இருக்கா இல்லையான்னே தெரியாததத் தேடுற” என்று பாத்திரம் கழுவிக்கொண்டே கேலி செய்வான் கணவன்.

வழி என்னவோ எளிதுதான். இரண்டு புரோட்டான் கற்றைகளை மோதவிட வேண்டும். சிலமுறை சுழற்சி ஒரே பக்கமாக, சிலமுறை எதிரெதிராக. தெறிப்பதை எண்ண வேண்டும். இரண்டு வகைக்கும் நடுவில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு வித்தியாசம் வந்தாலே போதும், குளுவானும் சுழல்கிறது என்று அர்த்தம்.

ஒருமுறை வித்தியாசம் வந்துவிட்டதென்று தலைகால் புரியாமல் குதித்தாள். உண்மையில் ஒரு வகையில் மோதல்களே சற்று அதிகம் நடந்திருந்தன. அதைக் கழிக்க மறந்திருந்தாள். கண்டுபிடித்துச் சொன்னவர் பக்கத்து அறை மூத்தவர். எதையும் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு ‘உப்புத்தாள்’ என்று பெயர். குளுவானிடம் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

மூக்குடைபட்டவள் அன்றிலிருந்து தன் கண்ணையே நம்பவில்லை. இந்தமுறை எந்த மோதல் எந்த வகை என்பதைக் கணினியில் பூட்டி, கடவுச்சொல்லை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். திறந்தபின் எதையும் மாற்றக்கூடாது என்று விதி போட்டவரும் அவர்தான். பூஜ்யம் வந்தால் அத்தனை வருஷமும் பூஜ்யம் என்று அவள் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்று அவர் வந்து கடவுச்சொல்லைத் தட்டினார். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதல் புள்ளி பூஜ்யக் கோட்டுக்கு மேலே. அடுத்ததும் மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே.

அவளுக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. பயம் கலந்த பிரமிப்புதான் வந்தது. இந்த மேசை, ஆறிப்போன காப்பி, அவருடைய நரைத்த மீசை, தன் விரல் நுனி, எல்லாவற்றுக்குள்ளும் அந்தப் பசை, யாரும் கேட்காமலேயே, ஆதியிலிருந்து இப்படித்தான் இருந்திருக்கிறது.

“இன்னொரு தடவ போடும்மா” என்றார் உப்புத்தாள்.

“இனிமே மாத்த முடியாது, சார். நீங்க போட்ட விதி.”

“மாத்தவா சொன்னேன்?” அவர் திரைக்கு இன்னும் கிட்டே வந்தார். “சும்மா, பாக்கணும்போல இருக்கு.”

அவள் நாற்காலியைத் தள்ளி அவருக்கு இடம் விட்டாள்.