ஆம்பூர் மொட்டை மாடியில் சோலார் பார்க்கப் போன கதை

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். வேலூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் மதியம் கரண்ட் போகும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே அலுத்துப்போன எங்கள் டாக்டர், "ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில சோலார் போட்டிருக்காங்களாம். நமக்குக் கட்டுப்படி ஆகுமான்னு பாத்துட்டு வாங்க" என்றார். அவருடைய அறைக்கு ஒரு ஃபேன், ரெண்டு ட்யூப் லைட். அதுதான் திட்டம். என் மேசைக்கும் ஒரு லைட் இழுத்துக்கொள்ளலாம் என்று நானே சொல்லி வைத்திருந்தேன்.

வேலூரிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பள்ளிகொண்டா தாண்டினால் வெறும் மணலாகப் பாலாறு கூடவே வரும். ஆம்பூர் நெருங்கும்போது தோல் பதனிடும் வாடை அடிக்கும். மூக்கைப் பொத்தாதீர்கள், பக்கத்து சீட்டுக்காரருக்கு அதுதான் சோறு.

கம்பெனி முதலாளி ரஹீம் பாய் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். மாடியில் ஜன்னல் கதவு அளவில் ஆறு நீலத் தகடுகள், தெற்கே சாய்த்து வைத்திருந்தார்கள். கீழே படிக்கட்டு அடியில் லாரி பேட்டரிகள்.

"ஜெனரேட்டர விட விலை ரொம்ப ஜாஸ்திமா. ஆனா சத்தம் இல்ல, பொகை இல்ல. பேட்டரிக்குத் தண்ணி மட்டும் ஊத்தணும்" என்றார்.

நாங்கள் அவருடைய அறைக்குத் திரும்பும்போது சரியாகக் கரண்ட் போனது. பாய் ஒரு சுவிட்சைத் தட்டினார். ரயில் பெட்டியில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடி ஷோகேஸில் குட்டி பல்புகள் எரிந்தன. உள்ளே வரிசையாக மாதிரி ஷூக்கள், பட்டப்பகலில் மின்னிக்கொண்டு. நான் கைதட்டாத குறை. டீ வந்தது. பிறகு பிரியாணி வந்தது. அந்தக் காற்றில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டேன். நம்ம டாக்டர் ரூமுக்கு இது அப்படியே பொருந்தும் என்று மனசுக்குள் முடிவும் கட்டிவிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது கதவருகே ஒரு பெண் நின்றிருந்தாள். புடவையெல்லாம் வேர்வை.

"மொதலாளி, கரண்ட் எப்ப வரும்னு சூப்பர்வைசர் கேக்க சொன்னாரு. நூல் எந்தக் கலர்னே தெரியல."

குரல் தெரிந்த குரல். என் சித்தி மகள் ரோஸ்லின். அவள் ஆம்பூரில் வேலைக்குப் போகிறாள் என்று தெரியும், இங்கேதான் என்று தெரியாது.

"அக்கா! நீ இன்னா இங்க?" என்றவள், ஃபேனைப் பார்த்தாள், என் எச்சில் தட்டைப் பார்த்தாள். "காத்து நல்லா வருதா?"

குத்திச் சொல்லவில்லை, சும்மாதான் கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது. "என் தங்கச்சி, பாய்" என்று எழுந்து அவள் பின்னாலேயே போனேன்.

தையல் ஹாலில் அட்டைப்பெட்டிகளை ஜன்னல் மறையும் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அரை இருட்டில் பெண்கள் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனையும் கால் மெஷின். கரண்ட்டே வேண்டாம், வெளிச்சம் மட்டும் போதும். "தச்ச ஜோடிக்குத்தான் கூலிக்கா" என்றாள் ரோஸ்லின். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பாய் வீட்டு விருந்தாளி. என் கையில் இன்னும் பிரியாணி வாசனை. அதைப் புடவை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து பாயிடம் கேட்டேன். "இந்த ஃபேனும் ஷோகேஸ் பல்பும் திங்கற கரண்ட்ல ஹால்ல அஞ்சாறு சின்ன ட்யூப் எரியுமே பாய்? வேலையும் நிக்காது, போட்ட காசும் திரும்பும்."

"தெரியும்மா. ஆனா வெளியூர் பார்ட்டி வந்து உக்கார்றது இந்த ரூம்லதான். இங்க இருட்டா இருந்தா ஆர்டர் வராது. ஆர்டர் இல்லன்னா அந்த ஹாலும் இல்ல." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஷோகேஸைப் பார்த்தார். அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. அவர் உப்பைத் தின்றுவிட்டு என்னத்தைச் சொல்ல?

கிளம்பும்போது ரோஸ்லினிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கரண்ட் வந்திருந்தது. விட்ட நேரத்தைப் பிடிக்கக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "போய்ட்டு வாக்கா, அப்புறம் பேசலாம்" என்றாள்.

மறுநாள் டாக்டர் கேட்டார், "என்ன, என் ரூமுக்குக் கட்டுப்படி ஆகுமா?"

"உங்க ரூமுக்கு ஆகாது டாக்டர். பிரசவ அறைக்கு ஆகும். அங்க அஞ்சு நிமிஷ இருட்டுக்குக்கூட ஜெனரேட்டர ஓட்டுறோம்."

"உங்க மேசைக்கு?"

"வேணாம்."

அவர் முகம் சுண்டியது. ஆனால் அந்த வருஷக் கடைசியில் ரெண்டு தகடு வாங்கினார். பிரசவ அறைக்கு மட்டும்.

இப்போது சோலார் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கரண்ட் போகிற நேரம் தெரிந்துகொண்டு அந்த நேரத்துக்குப் போங்கள். வெயிலுக்குக் குடை எடுத்துப் போங்கள், செருப்பைக் கழற்றாதீர்கள், மொட்டை மாடியில் கால் பொரியும். விலை கேட்பதற்கு முன்னால், அந்தக் கட்டிடத்தில் இருட்டால் யாருடைய கை சும்மா இருக்கிறது என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. நான் அந்தச் சுற்றைப் பிரியாணி சாப்பிட்ட பிறகுதான் நடந்தேன். அதுவும், கதவருகே என் தங்கை வந்து நின்றதால்.