வெர்னா தள்ளிப்போட்ட பாடம்

வெர்னா ஹாகன் பதினான்கு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலக் கிழக்குக் கோடியில் வீடுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருப்பதில்லை. பதினாறு பிள்ளைகளை ஏற்றி இறக்க, காலையில் ஐம்பத்தைந்து மைல், மாலையில் ஐம்பத்தைந்து மைல். பாதிக்கு மேல் சரளைச் சாலை. நடுவில் கிடைக்கிற ஆறு மணி நேரம் மாடுகளுக்கு. எஞ்சியது வீட்டுக்கு. தனக்கென்று என்ன மிஞ்சியது என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்கவும் நேரம் வேண்டுமே.

அவளுக்கும் கணவன் லைலுக்கும் சண்டை என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. மகள் மாரிட்டுக்கு ஆறு வயது நிறைந்த அன்று, லைலின் அப்பா நெல்ஸ் ஒரு சின்ன ரைஃபிளைப் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். லைல் ஆறு வயதில் தகர டப்பாவைச் சுட்டவன். அவன் அக்கா ஐந்தரையிலேயே சுட்டாள் என்று சொல்லிக்கொள்வார்கள். வெர்னா அந்தத் துப்பாக்கியை வாங்கி, மாமனாருக்கு நன்றி சொல்லி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதோடு சரி.

ஆறு வயதில், பிள்ளை இன்னும் சின்னவள் என்றாள். ஏழில், ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டேனென்கிறாள் என்றாள். எட்டில் மாரிட் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அந்த வருடம் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்பதில் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், "என் அண்ணன் காலைப் பார்த்துட்டு வந்து பேசு" என்றாள். லைல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் அதைச் சொன்னது முதல் தடவையல்ல; சொன்னபோதெல்லாம் அவன் வெளியேதான் போனான்.

அண்ணன் ஆர்லனுக்குப் பதின்மூன்று வயது, வெர்னாவுக்குப் பதினொன்று இருக்கும்போது நடந்தது அது. அப்பாவோடு மான் வேட்டைக்குப் போயிருந்தார்கள். ஆர்லன் ஒன்றும் தெரியாத பையன் அல்ல. ஏழு வயதிலிருந்து பழகியவன். வேலியைத் தாண்டும் முன் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும், துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில் தரையில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தைவிடச் சரளமாக ஒப்பிப்பான். அன்று விடிந்ததிலிருந்து முழங்கால் பனியில் நடந்திருந்தார்கள். ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. திரும்பும் வழியில் முள்கம்பி வேலி. ஆர்லன் துப்பாக்கியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு ஏறினான். கம்பி அதிர்ந்தது. துப்பாக்கி சரிந்து விழுந்து வெடித்தது. வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற வெர்னாதான் முதலில் பனி சிவப்பாவதைப் பார்த்தாள். அப்பா பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டி, மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தார். உயிர் பிழைத்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அதற்காக வெர்னா துப்பாக்கியைத் தொடாமல் விட்டுவிடவில்லை. மாடு வளர்க்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. விரியன் வந்தால் சுடுவாள். கன்றைத் தூக்க வரும் கயோட்டி என்கிற சின்ன ஓநாய்களையும் சுடுவாள், குறியும் தவறாது. ஆனால் ஒரு குழந்தையின் கையில் அதை எடுத்துக் கொடுக்க மட்டும் அவள் கை நீளவில்லை.

மாரிட்டுக்குப் பத்து வயதான மார்ச் மாதம். மாடுகள் கன்று போடும் பருவம். மூன்று மணி நேரத்துக்கொரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமாக இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போவார்கள். அந்த வருடம் லைலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து காலணியைக்கூடப் போட முடியவில்லை. பதினேழு நாள் வெர்னா தனியாகப் பார்த்தாள். பேருந்தும் ஓட்டினாள். சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியோடு கண் சொருகும்.

பதினெட்டாம் நாள் விடியும்போது, புதிதாகப் பிறந்த கன்றைச் சுற்றி இரண்டு கயோட்டிகள் அலைவதைக் கண்டு, ரைஃபிளில் தோட்டா ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டியில் போனாள். வண்டிச் சத்தம் கேட்டு அவை ஓடிவிட்டன. அதே நேரம் பக்கத்தில் ஒரு கிடாரி ஈன முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியை இருக்கையில் போட்டுவிட்டு ஓடினாள். முக்கால் மணி நேரம் இழுத்துக் கன்றை உயிரோடு வெளியே எடுத்தாள். வீட்டுக்கு வந்தாள், முழங்கை வரை கழுவினாள், அடுப்பில் ஓட்ஸ் கஞ்சியை வைத்துக் கிண்டத் தொடங்கினாள். பேருந்தைக் கிளப்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

மாரிட் தன் கையுறையைத் தேடி வண்டிக்குப் போனது அவளுக்குத் தெரியாது. பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, இது சீட்ல கெடந்துச்சு. கதவ நீ சரியா சாத்தல. உள்ளல்லாம் பனி விழுந்திருக்கு. நனைஞ்சா துருப்புடிக்கும்னு அப்பா சொல்லுவாருல்ல, அதான் எடுத்துட்டு வந்தேன்."

வெர்னா திரும்பினாள். மகள் ரைஃபிளைப் பூனைக்குட்டியை அணைப்பதுபோல் நெஞ்சோடு அணைத்து நின்றாள். குழல் முனை அவள் தாடைக்குக் கீழே இருந்தது. நல்ல காரியம் செய்த களை முகத்தில்.

"மாரிட், அசையாத கண்ணு. அப்படியே நில்லு."

குரல் உயராமல் சொன்னாள். எப்படி அது வந்தது என்று பிற்பாடு அவளுக்கே புரியவில்லை. நான்கு அடி எடுத்து வைத்து, குழலைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பி, மெதுவாக வாங்கினாள். தோட்டா அறையைத் திறக்கும் போல்ட்டை இழுத்தாள். தோட்டா தெறித்துத் தரையில் விழுந்து, மேஜைக்கு அடியில் உருண்டு போயிற்று. விசையைப் பூட்டும் சேஃப்டியும் போடப்படவில்லை.

மாரிட் அந்தத் தோட்டாவையே பார்த்தாள். "நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்ல. நான்தான் பண்ணேன்."

கஞ்சி அடிப்பிடித்தது. யாரும் சாப்பிடவில்லை. படுக்கையிலிருந்த லைலிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் எழ முயன்று, இடுப்பு வலியில் மறுபடி சாய்ந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பிறகு பேருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்றாவது நிறுத்தம் தாண்டும் வரை ஓட்டினாள். வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லிவிட்டு இறங்கி, குளிரில் ஐந்து நிமிடம் டயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாரிட் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக ஆர்லனின் கடைக்குப் போனாள். ஊரின் ரம்பங்களுக்கெல்லாம் பல் தீட்டித் தருவது அவன் தொழில். அவள் சொல்லச் சொல்ல, அவன் அரத்தைக் கீழே வைக்காமல் கேட்டான். எல்லாம் கேட்டபின், லைல் என்ன சொன்னான் என்று விசாரித்தான்.

"ஒண்ணும் சொல்லல. அவர் என்ன சொல்லுவார், நாலு வருஷமா உன் காலைக் காட்டி வாய அடைச்சிட்டேன்."

"அப்படியா? என் காலை வாடகைக்கு விட்டிருக்கேன்னு எனக்கே தெரியாதே. என்னைக் கேட்டியா?"

அவன் அரத்தை வைத்துவிட்டு, கைகளைத் துணியில் துடைத்தான்.

"இங்க பாரு வெர்னா. போனது என் காலு. நீ எதுக்கு முப்பது வருஷமா நொண்டுற?"

பத்தொன்பது வயதில் தான் மறுபடி வேட்டைக்குப் போனதை அவன் நினைவுபடுத்தினான். கால் போன அன்று தனக்கு விதிமுறை தெரியாமல் இல்லை, நடந்து நடந்து அலுத்துப் போயிருந்தேன், வீட்டுக்குப் போய் விழுந்தால் போதும் என்றிருந்தது, அவ்வளவுதான் என்றான்.

"சொல்லிக் குடுத்துட்டா ஆபத்தே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்லித்தான் குடுத்தாங்க. ஆனா சொல்லாம மறைச்சு வச்சா வராதுன்னு நெனைச்ச பாரு, அது இன்னிக்கு உன் அடுப்படிக்கே வந்துருச்சு."

"இப்ப நான் என்னதான் பண்றது அண்ணே?"

"மொதல்ல போய்த் தூங்கு. மத்தது அப்புறம். மதியம் பஸ்ஸ நான் எடுக்கிறேன்னு சொல்லியிருப்பேன், ஆனா ஒத்தக்கால்காரனுக்கு லைசன்ஸ் தர மாட்டேங்கிறானுங்க."

அவள் சிரித்தாள், சிரிப்பினூடே அழுதாள். அவன் காபி ஊற்றிக் கொடுத்தான்.

அந்த வாரமே, பக்கத்துப் பண்ணை விதவை இங்கா, பாதி நேரம் மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். வெர்னா சனிக்கிழமை பகலும் ஞாயிறு காலையும் சேர்த்துத் தூங்கினாள். ஞாயிறு மதியம், வீட்டிலிருந்த எல்லாத் தோட்டாக்களையும் கொட்டகையில் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு, சின்ன ரைஃபிளை மேஜைமேல் வைத்து மகளைக் கூப்பிட்டாள். லைல் சுவரைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தான்.

மாரிட் துப்பாக்கியைத் தொடவில்லை. "எனக்குச் சுடணும்னு ஆசையே இல்லம்மா" என்றாள்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு வருடம் அதை வைத்துச் சண்டை போட்டவர்கள் ஒரு நாள்கூடப் பிள்ளையைக் கேட்டதில்லை.

"சுட வேணாம்" என்றாள் வெர்னா. "ஆனா இந்த ஊர்ல எந்த வீட்டுக்கு வெளையாடப் போனாலும் இது இருக்கும். உள்ள குண்டு இருக்குன்னு நெனைச்சுக்கணும், எப்பவும். தொடாம வெளிய வந்து, பெரியவங்ககிட்ட சொல்லணும்."

"பெரியவங்களே மறந்துட்டா?"

லைல்தான் சொன்னான். "அப்ப அவங்ககிட்டயே சொல்லு. யாரா இருந்தாலும் சரி. உங்கம்மா, நான், யாரா இருந்தாலும்."

அதை மாரிட் அப்படியே பிடித்துக்கொண்டாள். போல்ட்டைத் திறப்பது எப்படி, உள்ளே பார்ப்பது எப்படி, விரலை எங்கே வைக்கக் கூடாது என்பதை இரண்டு மதியத்தில் கற்றுக்கொண்டாள். அதன்பின் வாசலில் யார் துப்பாக்கியோடு நுழைந்தாலும் முன்னால் போய் நின்றாள். எழுபத்தெட்டு வயது நெல்ஸிடமும், "தாத்தா, தொறந்து காட்டுங்க" என்றாள். கிழவர் மருமகளை முறைத்தார். மகனை முறைத்தார். பிறகு தொண்டைக்குள் முனகிக்கொண்டே திறந்து காட்டினார். காலியாகத்தான் இருந்தது. போகும்போது, இந்தப் பிள்ளை வரி வசூலிக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டிலும் சில மாறின. தோட்டா ஏற்றிய துப்பாக்கி வண்டிக்குள் வரக் கூடாது என்று வெர்னா தனக்கே கட்டளை போட்டுக்கொண்டாள். அதனால் அந்த வசந்தத்தில் தாமதமாகச் சுட்டாள், அல்லது சுடாமலே விட்டாள். கயோட்டிகள் மூன்று கன்றுகளைத் தூக்கிக்கொண்டு போயின. லைல் வருத்தப்பட்டான், குறை சொல்லவில்லை.

கோடையில் மாரிட் பத்துத் தோட்டா சுட்டாள், அப்பாவுக்காக. நான்கு டப்பா விழுந்தது. போதும் என்று கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு வயதில், வகுப்பில் எல்லாரும் போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் நடந்த வேட்டைப் பயிற்சிக்குப் போய்த் தேறினாள். மான் வேட்டை உரிமம் மட்டும் வாங்கவில்லை. சின்ன ரைஃபிள் லைலின் அக்கா பேத்திக்குப் போயிற்று. அதைக் கம்பளிச் சட்டையில் சுற்றும்போது லைல் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

வெர்னா இப்போதும் பேருந்து ஓட்டுகிறாள். பிள்ளைகளை ஏற்ற வரும் தாய்மார்களில் சிலர், நடந்தது கேள்விப்பட்டு, எந்த வயதில் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஜன்னல் வழியாகக் கேட்பதுண்டு. ஒருத்தியிடம் ஐந்து என்றாள், ஒருத்தியிடம் எட்டு. ஒருத்தியிடம், அவள் முகத்தையும் கண்ணுக்கடியில் கறுத்திருந்ததையும் பார்த்துவிட்டு, வயதை விடு, கன்று போடும் பருவத்துக்கு ஆள் கிடைத்தாரா என்று கேட்டாள். கிடைக்கவில்லை என்றாள் அந்தப் பெண். இங்காவின் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, வெர்னா கதவை மூடிக் கியரைப் போட்டாள்.