ஆரணியில் யாழினிக்குப் பேர் வைத்தோம்

திருநெல்வேலியில் இரவு ரயில் ஏறியபோது என்னிடம் இருந்தவை ஒரு வெள்ளி அரைஞாண், இரண்டு கிலோ அல்வா, ஓர் ஊன்றுகோல். தங்கை மீனாவின் மகளுக்குப் பேர் வைக்க ஆரணிக்குப் போகிறேன். பிள்ளை பிறந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. தாய்மாமன் வந்து உட்காராமல் பேர் வைக்கக்கூடாது என்பது அவள் புகுந்த வீட்டு வழக்கம். நானோ ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தேன். அப்பா அம்மா இல்லாத வீடு, எனக்குப் பதிலாக அனுப்ப வேறு ஆளும் கிடையாது. என் கால் எலும்பு கூடுகிறவரை ஒரு பச்சைப்பிள்ளை பேரில்லாமல் காத்திருந்தது.

காலை ஐந்தே முக்காலுக்கு விழுப்புரம். அங்கிருந்து செஞ்சி, சேத்துப்பட்டு வழியாகப் போகும் வேலூர் பஸ். ஆரணிக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். செஞ்சியில் பத்து நிமிடம் நின்றது. கோட்டை இருந்த மலையைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். டீ சுமார்தான், மலை நன்றாக இருந்தது.

செஞ்சியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. பேர் கேட்டேன்.

“கயல்வியிங்க.”

“கயல்விழியா?”

“அதாங்க, கயல்வியி.” காது கேட்காத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “உங்களுக்கு எந்த ஊருங்க?”

சொன்னேன். “அவ்ளோ தூரமா!” என்று குழந்தையின் கையிலிருந்த முறுக்கில் பாதியை ஒடித்து எனக்குக் கொடுத்தார்.

முறுக்கு கையிலேயே நின்றது. மீனா தேர்ந்தெடுத்திருந்த பேர் யாழினி. எங்கள் ஊரிலும் அந்த எழுத்து ஒருவர் வாயிலும் நிற்காது. வாழைப்பழத்தை வாளப்பளம் என்று தின்று வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் யாளினி என்றால் ஏதோ பக்கத்திலாவது நிற்கிறது, யாயினி என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? சேத்துப்பட்டு தாண்டும்வரை இதே யோசனை.

ஒன்பதே காலுக்கு ஆரணி. பஸ் நிலையத்து வாசலில் ஆட்டோக்காரர், “ஜல்தியா ஏறுங்கண்ணா” என்றவர், ஊன்றுகோலைப் பார்த்ததும், “பொறுமையா ஏறுங்கண்ணா” என்றார். அறுபது ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. மீனாவின் தெருவில் நடுவழியை அடைத்து, தறியில் ஏற்றுவதற்காக ஊதா நிறப் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நூலுக்கு வலப்பக்கமாக நொண்டிக்கொண்டு நடந்தேன்.

மாப்பிள்ளை குமரன் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். “வாங்க மச்சான், கால் எப்டி கீது?” உள்ளே கூடம், அதையடுத்துத் தறி அறை. தறியில் நெய்வது குமரனின் அக்கா செல்வி. அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார், வேலைக்குப் பிறந்த வீட்டுத் தறிக்கே வருகிறார். மீனா கண்ணமங்கலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். மூன்றாம் மாதத்திலேயே வேலைக்குத் திரும்பியாயிற்று. பகலெல்லாம் குழந்தை செல்வியிடம், தறிக்குப் பக்கத்தில் கட்டிய தூளியில்.

மதியம் சாப்பிட்டு எழுந்ததும் மீனா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

“அண்ணே, செல்வி மதினி மாட்டேங்காவ. நாளைக்குக் கவிதா சொல்லட்டும்ங்காவ.”

இங்கே பேர் வைப்பதென்றால், அப்பாவுடன் பிறந்த அத்தை குழந்தையின் ஒரு காதை வெற்றிலையால் மூடிக்கொண்டு மறுகாதில் மூன்று தரம் பேரைச் சொல்ல வேண்டும். அதுவரை பாப்பா என்னலாம், தங்கம் என்னலாம், பேரை மட்டும் யாரும் வாயால் உச்சரிக்கக்கூடாது. கவிதா என்பவர் குமரனின் சித்தப்பா மகள், சேத்துப்பட்டில் தமிழ் டீச்சர். அவரும் அத்தை முறைதான். ஆனாலும் கூடப்பிறந்த அக்கா உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியை உட்கார வைத்தால், அந்த அக்காவை ஒதுக்கியதாகத்தான் ஊர் பேசும்.

“ஏன் மாட்டேங்காவ?”

“கேட்டா அழுதாவ, சொல்ல மாட்டேங்காவ.”

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். “வாயில வராத பேரை வச்சா பாவம் அவங்க என்ன செய்வாங்க? பேசாம ஆனந்தின்னு வை. எந்த ஊர்க்காரனும் கெடுக்க முடியாது.”

மீனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நாலு வருசம் காத்துக் கெடந்து பெத்தவ நான். எனக்குப் பேரும் வேணும், மதினியும் வேணும். ஒண்ண விட்டு ஒண்ணு எடுன்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் நொண்டிக்கிட்டு வந்தியா?”

ஆனந்தியை அத்தோடு விட்டுவிட்டேன்.

நாலு மணி இருக்கும். கூடத்துப் பாயில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. மீனாவும் நானும் கொல்லையிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தோம். அதற்குள் தறிச் சத்தத்தை மீறி உள்ளேயிருந்து ஒரு குரல் நீளமாக வந்தது.

“யாயினீ... அய்வாதடி தங்கம், அத்த இதோ வந்துகினே கீறேன்.”

குழந்தை சிணுங்கலை நிறுத்தியது. கழுத்தைத் திருப்பித் தறி அறைப் பக்கம் பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் கொல்லை வாசற்படியிலேயே நின்றுவிட்டோம். வெளியே வந்த செல்வி எங்களைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“தப்பு பண்ட்டேங்கண்ணா,” என்றார் என்னிடம். “நீங்க வர்றதுக்கு முன்னாடியே பேர் சொல்லிக் கூப்ட்டுகினு இருந்தேன். பொயுதுக்கும் பாப்பா, பாப்பான்னா எப்டிங்க? தெருவுல போற கொயந்தைங்க எல்லாமே பாப்பாதான? மனசு கேக்கல. அதுவும் என் வாயில அந்தப் பேரு எப்டி வருதுன்னு எனக்கே தெரியும். இவங்க ஆசப்பட்ட பேர கெடுத்து வெச்சிட்டு, நாளைக்குக் காதுல போயி நான் இன்னாத்த சொல்ல? கவிதான்னா சுத்தமா சொல்லும்.”

மீனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எம் புள்ளைக்கு இன்னும் ஒரு பேர் இல்லையேன்னு நான் தெனமும் பஸ்ல அழுதுக்கிட்டே போனேன். நீங்க கூப்பிட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா, மதினி?”

அதற்குப்பின் இரண்டு பெண்களும் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. குமரன்தான் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாருக்கும் காபி போடப் போனார்.

மறுநாள் காலை செல்விதான் உட்கார்ந்தார். வெற்றிலையால் ஒரு காதை மூடி மறுகாதில் மூன்று தரம் சொன்னார். என்ன சொன்னார் என்பது குழந்தைக்குத்தான் தெரியும். அடுத்து என் முறை. அரைஞாணைக் கட்டிவிட்டு, “யாளினி” என்று கூப்பிட்டேன். மகாராணி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிதா டீச்சர் அட்சரம் பிசகாமல், “யாழினி” என்றார். அதற்கும் மின்விசிறிதான்.

“மச்சான், நம்மூரு மாதிரி கூப்டுங்க, திரும்புவா,” என்றார் குமரன். சபையே சிரித்தது. எனக்கு ரோஷம். மாட்டேன் என்றுவிட்டேன்.

இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். எங்கள் ஊருக்கு வந்தால் தெருவில் எல்லாருக்கும் அவள் யாளினிதான். பள்ளிக்கூடத்தில் யாழினி. அதெல்லாம் அவள் வளர்ந்து படவேண்டிய பாடு. இனி பொங்கலுக்குத்தான் பார்ப்பேன். வாசலில் செல்வியின் தோளில் கிடந்தபடி தெருவையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். “யாளினி” என்றேன், மறுபடி “யாளினி” என்றேன். பிடரிதான் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் எப்படிப் போவது? அக்கம்பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு, குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

“யாயினி.”

வெடுக்கென்று திரும்பி, பல்லில்லாத வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.