வண்டி நின்றால் மட்டும் பேசும் ரேடியோ

எங்கள் வீட்டில் தபால் இலாகாவை நடத்திவந்தது நான். சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவே ஓடுவதுதான் வேலை. நடுவே என்றதும் பெரிய தூரம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் இருவரும் ஒரே கூடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கோணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

"பாப்பா, குழம்புச் சட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் அப்பா.

நான் எழுந்து போய், "மாமா, சட்டியை அந்தப் பக்கம் தள்ளணுமாம்" என்பேன்.

"தள்ளியாச்சுன்னு சொல்லு" என்பார் மாமா.

அதற்குள் சட்டி அப்பாவின் கைக்கே வந்து சேர்ந்திருக்கும். பதில் மட்டும் என் வழியாகத்தான் போக வேண்டும். என் சோறு ஆறிப்போவதைப் பற்றி இரண்டு தரப்புமே கவலைப்பட்டதாக நினைவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய காலம் அது. மலாயாவில், குளுவாங் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் அரிசி மூட்டைகளைச் சுற்றிலுமுள்ள தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் போட அப்பா ஒரு சின்ன லாரி வைத்திருந்தார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதே நிலையத்தில் தந்தி அடிக்கும் உத்தியோகம் பார்த்தார். எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தார். பகல் முழுக்கக் கம்பி வழியாகப் பேசிய களைப்புத் தீர, சாயங்காலம் ரேடியோவில் கம்பி இல்லாமல் பேசிப் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. அதற்குச் சர்க்காரிடம் முறையாக அனுமதி வாங்கி, அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களின் வரிசையில் மாட்டியிருந்தார். அம்மா ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் ஒரு சுற்று கிடைக்கும்.

சண்டைக்குக் காரணம் என் காது. கோயிலில் எனக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரி வந்தார், ஊரே வந்தது, தாய்மாமன் வரவில்லை. அவர் பின்னறையில் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு, ஜாவாவிலிருந்து எவனோ அடித்த விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போகிறதே என்று அரிசிக்கடைக் கணக்குப்பிள்ளையின் மடியில் என்னை உட்காரவைத்துக் காரியத்தை முடித்தார்கள். மூச்சிரைக்க மாமா வந்து சேர்ந்தபோது அப்பா ஊர் நடுவே வைத்துக் கேட்டார்:

"இப்ப எதுக்கு வந்தே? என் பொண்ணுக்கு மாமன் இல்லேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. போய் உன் விசிலைக் கேளு."

"கேட்டுக்கிறேன்" என்றார் மாமா.

அதுதான் அவர்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு. அதன் பிறகு வருஷம் திரும்பிவிட்டது. ஒருவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். இருவருமே கேட்கத் தெரியாதவர்கள். என் ஓட்டம்தான் மிச்சம்.

அப்போதுதான் மாமாவுக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல் வந்தது. அம்மா கலங்கிப்போனாள். அவளுக்கு ஊரில் யாரும் உயிரோடு இல்லை. கப்பலில் கூட வந்த இந்தத் தம்பிதான் மொத்தச் சொந்தமும். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "இவங்க ரெண்டு பேரும் பேசாம அவன் ரயிலேறினான்னா, அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான். இவரும் கூப்பிட மாட்டாரு. எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு அன்னிக்கோட முடிஞ்சுது."

வெங்காயத்தால் அழுகிறாள் என்று நினைத்து, நான் வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

போவதற்கு முன்னால் மாமாவுக்கு ஓர் ஆசை இருந்தது. லாரியில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அதிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து அதற்கும் பேசிப் பார்க்க வேண்டும். குளுவாங்கில் யாரும் அதுவரை செய்யாத காரியம். ஏன் செய்யவில்லை என்று யாராவது யோசித்திருக்கலாம். வேண்டுகோள் என் மூலம் அப்பாவுக்குப் போயிற்று.

"வண்டி எங்கயாச்சும் தோட்டத்துல படுத்துக்கிட்டா உடனே வீட்டுக்குச் சொல்லலாம்னு சொல்லு."

"படுத்துக்கிட்டா நடந்து வந்து சொல்லிக்கிறேன்னு சொல்லு."

அம்மா வாதாடவில்லை. ரசம் வைப்பதை நிறுத்தினாள். ரசம் இல்லாத ஒரு வாரத்துக்குப் பிறகு, வண்டியில் ஓட்டை எதுவும் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு அப்பாவின் சம்மதம் வந்தது.

முதல் நாளே ஓட்டை போட்டார் மாமா. நீளமான மூங்கில் கம்பு ஒன்றில் செப்புக் கம்பியைச் சுற்றி, லாரியின் பின்பக்கப் பலகையில் ஓர் இரும்புப் பட்டை அடித்து, அதில் அதைச் செருகி நிறுத்த வேண்டுமாம். பட்டை ஒரு பக்கம் சாய்ந்ததால் இன்னொரு ஓட்டை. அதைச் சரிசெய்ய வேறு சில.

"சல்லடையா இது? அரிசி சிந்தாதான்னு கேளு."

"அரிசி சிந்தாது. மழைத்தண்ணி வடியும், நல்லதுதான்னு சொல்லு."

பெட்டியும் அதற்குத் தீனி போடும் பாட்டரிகளும் முன் இருக்கையில் என் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதோடு விட்டதா? எஞ்சின் ஓடினால் காதுக்குழாயில் காய்ந்த எண்ணெயில் கடுகு போட்ட சத்தம் மட்டுமே கேட்டது. எஞ்சினுக்குள் தெறிக்கும் நெருப்புப்பொறிதான் காரணம் என்று கண்டுபிடித்த மாமா, அதை மூடி மறைக்க அம்மாவின் முறுக்கு டின்னை வெட்டிக் கவசம் செய்தார். முறுக்குகள் தட்டில் கிடந்து நமத்தன. பக்கத்துப் பட்டறையின் சீன முதலாளி, தவுக்கே, வந்து, முறுக்கு டின் மாட்டிய எஞ்சினை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அலமாக், லோரி சுடா கீலா லா" என்றார். லாரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மலாய் தெரியாதவர்களுக்குக்கூட அவர் முகத்தைப் பார்த்தால் விளங்கியிருக்கும்.

டின்னும் போய், கடுகுச் சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் மாமா முடிவை அறிவித்தார். எஞ்சினை நிறுத்திவிட்டால் எல்லாம் சுத்தமாகக் கேட்கும்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா, வண்டி நின்னாத்தான் பேச முடியும்னா, அதை என்னத்துக்கு வண்டியில வைக்கணும்னு கேளு."

நான் போய்க் கேட்டேன். மாமா குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகை இன்னும் இறுக்கினார்.

மாமா ரயிலேறுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சோதனை. வீட்டில் மாமா இன்னொரு பெட்டியோடு இருப்பார். லாரியை அப்பா ஓட்டுவார். பெட்டியை இயக்க மாமாவின் ரயில்வே சிநேகிதர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவருக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். விசையை எப்படி மேலும் கீழும் தள்ளுவது என்று மாமா எனக்குக் கற்றுக்கொடுத்தார். மேலே தள்ளினால் பேசலாம், கீழே தள்ளினால் கேட்கலாம், இரண்டும் ஒரே சமயத்தில் முடியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது ஏற்கெனவே பழக்கமான முறை என்பதால் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்கள் தொடங்கும் செம்மண் பாதையில் வண்டியை நிறுத்தினார் அப்பா. பாதையில் குலுங்கி வந்ததில் மூங்கில் கம்பு, அத்தனை ஓட்டைகளுக்குப் பிறகும், சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா பின்னால் ஏறி அதை நிமிர்த்திப் பிடித்தார். சட்டென்று காதுக்குழாயில் மாமாவின் குரல் வந்தது. "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விசையை மேலே தள்ளி, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து, "மாமா, நான்தான் பேசறேன்" என்று கத்தினேன். மரத்திலிருந்த பறவைகள் கிளம்பிப் போயின.

"நீ கத்துறது பெட்டி இல்லாமலே இங்க கேக்கும் போலிருக்கு" என்றது குழாய். "பெட்டியில முள்ளு எகிறிக்கிட்டுப் போகுது. நீ இறங்கிக்க. வேற யாரையாவது பேசச் சொல்லு."

நான் இறங்கிப் போய் அப்பாவிடம் சொன்னேன். "வேற யாரையாவது பேசச் சொல்றாரு."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். ரப்பர் மரங்கள் இருந்தன. ஆள் யாரும் இல்லை. கம்பை என் கையில் கொடுத்தார்.

"நேராப் பிடி. ஆட்டாதே" என்று சொல்லிவிட்டு, போகவே பிடிக்காத ஓர் இடத்துக்குப் போகிறவர் மாதிரி முன்னால் போனார்.

காதுக்குழாயை முண்டாசுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். இருக்கைக்குப் பின்னாலிருந்த கண்ணாடி வழியாக அவருடைய பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான்" என்றார். விசைப் பக்கம் குனிந்து நிமிர்ந்தார். "நான்தான்னா நான்தான்" என்றார் மறுபடி.

பாவம், எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கம்பை இறுக்கிப் பிடித்தேன். கை வலித்தது. தலைமேலிருந்த கிளையிலிருந்து சிவப்பெறும்புகள் கம்பு வழியாக இறங்கி வந்தன. விட்டால் ஆபத்து, பிடித்தாலும் ஆபத்து. என் முழங்கையை அவை தங்கள் தோட்டமாக எடுத்துக்கொண்டன.

அப்பா அதன் பிறகு தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்குக் கண் இல்லையே, தலையாட்டினால் எப்படித் தெரியும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு கட்டத்தில் அவர் தோள்கள் குலுங்கின. செம்மண் புழுதிக்கு இருமல் வந்திருக்கும். முண்டாசை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நான் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்தபடி, எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதித் தள்ளிக்கொண்டிருந்தேன். கம்பு கொஞ்சம் ஆடியிருக்கலாம். இல்லையென்று இன்றும் சொல்லமாட்டேன்.

ஒருவழியாக அப்பா இறங்கி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "போலாம்" என்றார். பாட்டரி தீர்ந்துபோயிருந்தது.

வாசலிலேயே நின்றிருந்தாள் அம்மா. "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் கேக்கல" என்றார் அப்பா. "இவ கம்பை நேராப் பிடிக்கல."

பின்னறை வாசலில் மாமா வந்து நின்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "இங்கயும் ஒண்ணும் வரல. பாப்பா ஆட்டிட்டா போல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எறும்பு கடித்து வீங்கிய கையைத் தூக்கிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் பாயசத்துக்கு அடுப்பு மூட்டினாள். தோற்றுப்போன காரியத்துக்கு என்ன பாயசம் என்று எனக்குப் புரியவில்லை.

மாமா ரயிலேறிய அன்று எல்லோரும் நிலையத்துக்குப் போனோம். அவர் ரயில்பெட்டி வாசலில் நின்றார். அப்பா கைக்கெட்டும் தூரத்தில் கீழே நின்றார். என் இலாகா வழக்கம்போல நடந்தது.

"அங்க கண்ட கடையில சாப்பிட வேணாம்னு சொல்லு."

"சரின்னு சொல்லு. அடுத்த மாசம் லீவு கிடைச்சா இங்கதான் வருவேன்னு சொல்லு."

"வராட்டி நானே வந்து இழுத்துக்கிட்டு வருவேன்னு சொல்லு."

"அத்தானுக்கு அவ்வளவு பலம் இருக்கான்னு கேளு."

"மாப்ளைக்குச் சந்தேகமா இருந்தா இப்பவே இறங்கிப் பாக்கச் சொல்லு."

இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றார்கள். நான் மட்டும் அந்த ஓரடி தூரத்தில் இங்கும் அங்குமாகத் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் அழுத அம்மா, தம்பி ஊரைவிட்டே போகிற அன்றைக்கு முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு கல்நெஞ்சா என்று தோன்றிற்று.

ரயில் நகர்ந்தது. மாமா கையை ஆட்டினார். அப்பா அது கண்ணிலிருந்து மறையும்வரை நின்றார். நான் வீங்கிய முழங்கையைத் தடவிக்கொண்டு, அன்றைக்கு அந்தக் கம்பை மட்டும் இன்னும் கொஞ்சம் நேராகப் பிடித்திருந்தால், இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்திருப்பார்களே என்று வருத்தப்பட்டுக்கொண்டு நின்றேன்.